அம்மா காட்டிய கோணல் மூஞ்சி

செம்மேட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போகாவிட்டால் செத்தே போவேன் என்று நாலு நாள் சோறு தின்னாமல் அடம்பிடித்தவள் நான். சோறுதான் தின்னவில்லை, அடுக்களையில் அவித்து வைத்த குச்சிக்கிழங்கு குறைந்துகொண்டே வந்ததை அம்மா கேட்கவில்லை. கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருஷம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றையாக இருந்தது. பேச்சுத் துணைக்கு அம்மாதான். ஊசி போட்டால்தான் சந்தைக்குள் விடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. என் தொல்லை தாங்காமல் அம்மா முகாமுக்குப் போய்ப் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, காலையில் பல் விளக்கப் போனவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினாள். கீழ்க்காட்டிலிருந்து அத்தை ஓடி வந்து துண்டை விலக்கிப் பார்த்தாள். "காத்துக் கருப்பு அறைஞ்சிருச்சு. நீ புள்ள மொகத்தப் பாக்காத, அதுக்கும் புடிச்சுக்கும்" என்று சொல்லி வேப்பிலை அடித்தாள். வேப்பிலைக்கு ஒன்றும் மசியவில்லை. மூன்றாம் நாள் அப்பா நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார். முகத்து நரம்பு ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, ஊசிக்குப் பிறகு வெகு அபூர்வமாக இப்படி வருவதுண்டு, ஊசியால்தான் என்று உறுதியாகவும் சொல்ல முடியாது, பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பா அத்தையிடம் ஒப்பித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் ஏறியது ஊசி என்ற ஒரு சொல்தான். அப்படியென்றால் எல்லாம் என்னால்தான்.

அதன்பின் அம்மா வீட்டுக்குள்ளும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கிட்டே போனால், "போ சாமி, போயி வெளையாடு" என்பாள், திரும்பாமலே. யாரோடு விளையாடுவது, கோழியோடா? அம்மாவுக்கு என்மேல் தீராத கோபம் என்று முடிவு கட்டிவிட்டேன். சந்தையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்று மிளகுக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். அம்மா மாஸ்க் இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கன்னத்தை உப்பினாள்; காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போயிற்று. புருவத்தைத் தூக்கினாள், ஒன்றுதான் ஏறியது. பிறகு உதட்டை இழுத்தாள். வாய் மொத்தமும் வலது காதுப் பக்கம் ஓடியது. அடக்க முடியாமல் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். முகத்தை மூடப் போன கை பாதியில் நின்றது.

"அம்மா, இன்னொருக்கா செய்யும்மா!"

"பயமா இல்லியா கண்ணு?"

"இல்லம்மா, செய்யி!"

செய்தாள். கேட்கக் கேட்கச் செய்தாள். அம்மாவுக்குக் கோபமே இல்லை, எனக்காக வேடிக்கை காட்டுகிறாள் என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். மூட முடியாத இடது கண்ணிலிருந்து அவளுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

இன்னும் கோணலாக, இன்னும் கோணலாக என்று நான் குதித்துக் குதித்துக் கேட்ட அவ்வளவு நேரமும், அம்மா என்னைப் பார்த்து நேராகச் சிரிக்கத்தான் முயன்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.