கெஸ்ட்-1

தயிர்சாத நேரத்தில் வந்த போன்

“மேடம், உங்க பூட்டு எங்கப்பாகிட்ட பேசிடுச்சி.”

ஸ்டெல்லா போனில் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். நான் மறைமலைநகர் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். விளையாட்டாகப் பேசுகிற பெண் என்பதால் சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்கப்பா வந்து கீழ நிக்கிறாரு. துணியெல்லாம் மூட்ட கட்டிகினு இருக்கேன். திங்கக்கெழம கோவளத்துல எனக்கு இன்டர்வியூ மேடம். இன்னா பண்றதுன்னே தெரியல.”

“ஒரு நிமிஷம் இரும்மா, திரும்பக் கூப்பிடறேன்” என்றேன். கூப்பிட்டபோது போன் ஸ்விட்ச் ஆஃப்.

புதிதாக டிசைன் வேலைக்கு வரும் பிள்ளைகள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். ஜெயித்த கதைகளும் என்னிடம் நாலைந்து உண்டு. அவற்றை என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் இதை எழுதுகிறேன்.

கார் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு

பத்தொன்பது வருடம் கார் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனியில் இருந்தேன். வீட்டில் எனக்குப் பூட்டுக்காரி என்றே பெயர். ஐம்பத்திரண்டு வயதில் அதை விட்டுவிட்டு, பிரதீப் என்ற இளைஞர் தொடங்கிய சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். போனால் திறக்கும் வீட்டுப் பூட்டுதான் எங்கள் பொருள். வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்களுக்காக. ஒரே சாவியை மீட்டர் பெட்டிமேல் ஒளித்துவைத்து, அதையும் தொலைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்காக.

“பாக்கறதுக்கு ஆன்ட்டிங்க வாங்கற பொருள் மாதிரி இருக்கக்கூடாது மேடம்” என்றார் பிரதீப், ஆன்ட்டியான என்னிடமே. அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

பூட்டுக்குள் யாருக்கு என்ன உரிமை என்ற விதியை எழுதியது நான். எந்த போன் முதலில் பூட்டோடு இணைகிறதோ அது ஓனர். மற்ற போன்களெல்லாம் கெஸ்ட். கெஸ்ட் கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான். யார் எப்போது வந்தார், போனார் என்ற ஹிஸ்டரி ஓனர் போனிலும் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் மட்டும் தெரியும். காரில் இது சரியான விதி. வாங்கியவர் கையில்தான் முதல் சாவி. வாடகை வீட்டில் வாங்குகிறவர் ஒருவர், உள்ளே படுத்துத் தூங்குகிறவர் இன்னொருவர். இவ்வளவு எளிய வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை.

உப்பும் கல்தூளும்

டெஸ்ட் யூனிட் மாட்ட மாமல்லபுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம், சிற்பப் பட்டறைகளின் கல்தூள் ஒரு பக்கம். அங்கே தாக்குப்பிடிக்கும் பூட்டு எங்கேயும் தாக்குப்பிடிக்கும். ஏகாம்பரம் என்பவர் கீழே கல்சிலை விற்கும் கடை வைத்திருந்தார். மாடியில் ஒரு சிங்கிள் ரூம். ஸ்டெல்லா அதில் வாடகைக்கு இருந்தாள். மதுராந்தகம் பக்கத்துப் பெண், வயது இருபத்து மூன்று. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷன் வேலை, கான்ட்ராக்ட்தான்.

எங்கள் டெக்னீஷியன் பூட்டு மாட்டப் போனது காலை பதினோரு மணிக்கு. ஸ்டெல்லா டூட்டியில் இருந்தாள். வைஃபை ஏகாம்பரம் கடையிலிருந்து வருவது. பக்கத்தில் நின்றவரும் அவர்தான். அவர் போன் முதலில் இணைந்தது. ஸ்டெல்லா சாயங்காலம் வந்து இணைந்தபோது ஸ்கிரீனில் அவளுக்கு விழுந்த பெயர் கெஸ்ட்-1.

ஒரு வாரம் கழித்துக் கருத்துக் கேட்கப் போனேன். கதவைத் திறந்ததுமே ஸ்டெல்லா சண்டைக்கு வந்தாள்.

“இன்னா மேடம் இது, நான் கெஸ்ட்டா? மாசாமாசம் வாடக குடுக்கறது நானு. விருந்தாளியாண்ட எவனாவது வாடக வாங்குவானா?”

“அது சும்மா ஒரு பேருதாம்மா. அடுத்த வெர்ஷன்ல மாத்திடலாம்.”

“நான் வர்றது போறதெல்லாம் கீழ்க்கட அண்ணாத்த போன்ல தெரியுமாமே?”

“தெரியும். அவரு எங்க அதையெல்லாம் பாக்கப் போறாரு?”

அவள் சமாதானமாகவில்லை. ஆனாலும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் அந்த டீயைக் குடித்துக்கொண்டே பூட்டின் விளிம்பில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உப்புக்கு டெஸ்ட் செய்தேன், கல்தூளுக்கு டெஸ்ட் செய்தேன். அவள் சொன்னதை நோட்டில்கூட எழுதவில்லை.

ஒன்பதரை மணி

ஆறாவது வாரம், விற்பனைக்கு விடப் பத்து நாள் இருக்கையில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெஸ்ட்-1 வழக்கமாகக் காலை ஏழுக்குப் போய் மாலை நாலுக்குத் திரும்பும் ஆள். அந்த வாரம் மூன்று நாளாக ஏழுக்குப் போய் ஒன்பதரைக்கே திரும்புகிறது. அப்புறம் கதவு திறக்கவே இல்லை.

உப்பு உள்ளே இறங்கி சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்றே முடிவு கட்டினேன். அப்படியானால் போர்டையே மாற்ற வேண்டும், பத்து நாள் போதாது. ஸ்கிரீனில் ஓனர் பெயருக்குப் பக்கத்தில் நம்பர் இருந்தது. அழுத்தினேன்.

“அண்ணே, பூட்டு தப்பா காட்டுதோன்னு சந்தேகம். கெஸ்ட்-1 காலைல ஒன்பதரைக்கே ரூமுக்கு வந்துடற மாதிரி காட்டுது. சாயங்காலம் வரைக்கும் வெளியவே போகல.”

“இன்னா மேடம் சொல்றீங்க? அது டூட்டிக்கில்ல போவுது? இருங்க, மேல போயி பாத்துட்டு வர்றேன்.”

பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

“பூட்டு கரெக்ட்டாதான் கீது. பொண்ணு வூட்லதான் கீது மேடம். கதவ தட்னேன், தொறந்துச்சி. இன்னாம்மா லீவான்னு கேட்டேன். கதவ சாத்திகிச்சி.”

“அப்பாடா!” என்றேன் நான். “ரொம்ப தேங்க்ஸ்ணே.”

அந்த “அப்பாடா” இன்னும் என் காதில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு நோட்டில் ‘சென்சார் ஓகே’ என்று எழுதி டிக் அடித்தேன். பிரதீப்பிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். ஒரு பெண் வேலை நாளில் பகல் முழுக்க ஏன் அறைக்குள் இருக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மதியப் போன் வந்தது. அவள் போன் அணைந்ததும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். எல்லாம் அப்போதுதான் தெரிந்தது. சீசன் முடிந்து ரிசார்ட்டில் அவள் கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். வேலை இருக்கிற வரைக்கும்தான் வெளியூர் வாசம் என்பது அவள் அப்பா போட்ட கண்டிஷன். அதனால் தினமும் யூனிஃபார்மோடு ஏழு மணிக்குக் கிளம்பி, நாலு ஓட்டலில் வேலை கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிவதற்குள் அடுத்த வேலையைப் பிடித்துவிட வேண்டும். கோவளத்தில் கிட்டத்தட்டப் பிடித்தும்விட்டாள்.

ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. “வுட்டுட்டு போம்போது பாத்துக்கோங்க அண்ணாத்தன்னு அவங்கப்பா சொல்லிட்டு போனாரு மேடம். நாளைக்கி எதுனா ஆச்சின்னா நான்தான பதில் சொல்லணும்? பொண்ணு பகல்ல ரூம்லயே கீது, புதுப் பூட்டுல எல்லாம் தெரியுதுப்பான்னு அவருக்கு போன் போட்டு சொல்லிட்டேன்” என்றார்.

மாற்றியது

விதியை மாற்றினேன். உள்ளே தங்குகிறவர்தான் ஓனர். அவர் இருக்கும் நேரத்தில்தான் பூட்டு மாட்ட வேண்டும். ஹிஸ்டரி அவருக்கு மட்டும். வீட்டுக்காரரும் பார்க்க முடியாது, எங்கள் ஆபீஸும் பார்க்க முடியாது. “வாங்கறது ஹவுஸ் ஓனர்தானே மேடம்” என்று பிரதீப் முனகினார், பிறகு ஒப்புக்கொண்டார். விற்பனை மூன்று மாதம் தள்ளிப்போனது.

மீட்டிங்குகளில் இந்தக் கதையைச் சொன்னேன். பூட்டு ஒரு பெண்ணை வீட்டுக்காரரிடம் காட்டிக்கொடுத்தது என்று சொன்னேன். பிள்ளைகள் உருகிப்போனார்கள். நான் ஏகாம்பரத்துக்குச் செய்த போனை மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதனால் விட்டேன்.

கடைசியில் புதுப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் பக்கம் அவள் ஊருக்கே போனேன். ஊர் நர்சரிப் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பள்ளி வாசலில் வைத்துப் பேசினோம். அப்பா திட்டவில்லையாம். மறுபடி அனுப்பவும் இல்லையாம்.

“மாத்திட்டீங்களா மேடம்?”

“மாத்திட்டேன். யாரு தங்கறாங்களோ அவங்கதான் இப்ப ஓனர்.”

“நல்லதுதான். அடுத்து வர்றவங்களுக்காவது ஆவும்.” பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “அவரு அந்த ஆப்ப ஒரு நாளும் தொறந்து பாத்ததில்ல ஸ்டெல்லா. பூட்டு கெட்டுப்போச்சோன்னு நான்தான் அவருக்கு போன் பண்ணிக் கேட்டேன். நான் கேட்டதாலதான் அவரு மாடிக்கு வந்தாரு.”

அவள் பூட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சே மேடம்.”

இருந்தது. ‘ஸ்டெல்லா மாமல்லபுரம்’ என்று என் போனிலேயே இருந்தது. அன்று ஸ்கிரீனில் நான் பார்த்தது கெஸ்ட்-1. கெஸ்ட்டைப் பற்றி ஓனரிடம்தானே கேட்பார்கள்? நான் வைத்த பெயரை நானே நம்பிவிட்டேன். அவளிடம் கேட்டிருந்தால், “சென்சார் நல்லாத்தான் இருக்கு மேடம், யாராண்டயும் சொல்லாதீங்க” என்றிருப்பாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். யாருடைய வாழ்க்கையில் உங்களுக்குச் சந்தேகம் வருகிறதோ, அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடித்துக் கேளுங்கள்.

அந்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ‘சென்சார் ஓகே’ என்ற வரியை அடிக்க இரண்டு மூன்று தடவை பேனாவை எடுத்தேன். அடிக்க முடியவில்லை. அதில் எழுதியிருப்பது உண்மைதான். சென்சார் கடைசிவரை சரியாகவே வேலை செய்தது.