கம்பியில் குத்தியிருந்த சீட்டு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரி செம்பை நீட்டினால் விரலை விட்டுப் பார்ப்பேன். கடைக்காரர் தராசைத் தூக்கினால் தட்டைப் பார்க்க மாட்டேன், அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பேன். இதற்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். ஊரில் எல்லாரையும் நம்புவது அவர் வேலை. ஆகவே சந்தேகப்படுகிற வேலையை வீட்டில் நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தக்கலைக்கு மேற்கே, திருவனந்தபுரம் போகிற ரஸ்தாவின் ஓரத்தில் எங்கள் வேதக்கோயில். அங்கிருந்து வயல் வரப்பு வழியாக உள்ளே நடந்தால் வீடு. மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி இல்லாத வாத்திச்சிகளை இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த சமயம் அது. திருவனந்தபுரத்தில் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும், வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். மடிப்பு கிழிந்துபோயிற்று.

அந்த நாளில் எங்கள் வழியாகத் திருவனந்தபுரம்வரை போவது ஒரே ஒரு மோட்டார் பஸ்தான், ஒரு நாளைக்கு ஒரு தடவை. அது போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். எனவே திங்கட்கிழமை புறப்பட்டால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஆட்கள் ஓய்வுநாளில் பயணம் போக மாட்டார்கள், காசைத் தொட மாட்டார்கள், அடுப்புகூட மூட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே கிணற்றிலிருந்து வெள்ளம் கோரி வைத்து, குழம்பும் வைத்துவிடுவோம். மீறினவர்களின் பெயரைச் சபையில் எழுந்து நின்று வாசிப்பார்கள். வாசிப்பவர் என் அப்பா. ஆகவே சனிக்கிழமை மோட்டாரில் போய், அங்கே சித்தி வீட்டில் இரண்டு ராத்திரி தங்குவது என்று முடிவு செய்தேன். என் சம்பளத்தில் சேர்த்த காசைக் கொண்டுபோய், தக்கலை நாற்சந்தி முக்கில் மோட்டார் ஏஜெண்டிடம் கட்டிச் சீட்டு வாங்கினேன். வழியில் தொலைந்துபோகாதிருக்க அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

அந்த ஏஜெண்டை எனக்குப் பிடிக்காது. அவர் எங்கள் சபைக்காரர் அல்ல, அய்யாவழிக்காரர். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம், தலையில் கட்டு. நாமம் போட்டவன் நமக்கும் நாமம் போட்டுவிடுவான் என்று எங்கள் சபைப் பெண்கள் கேலி பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்வீர் என்று சீட்டு வாங்கின அன்றைக்கே அவரை நிறுத்திக் கேட்டேன்.

"வண்டி ஓடலைன்னா சீட்டைக் கொண்டு வாங்க, வாத்திச்சியம்மா. காசைத் திருப்பி வாங்கீட்டுப் போங்க" என்றார்.

"எழுதித் தருவீரா?"

"சீட்டுதானே எழுத்து."

இப்படிச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவனை நான் நம்புவேனா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே போய்விட்டு வந்தார். குடையை மூலையில் சாத்தினார். சாத்தின குடை விழுந்தது. மறுபடியும் சாத்தினார்.

"மக்கா, நாளைக்கு மோட்டார் இல்லியாம். அச்சு முறிஞ்சு கிடக்காம். ரத்து பண்ணியாச்சாம்."

"யாரு சொன்னா? அந்த ஏஜெண்டா?"

"ஆங்... அவருதான்."

"அச்சும் முறியல, மண்ணும் முறியல! யாராவது கல்யாணக்காரன் கூடுதல் காசு நீட்டியிருப்பான், என் சீட்டைத் தூக்கிக் கொடுத்திருப்பாரு. உங்ககிட்டே எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கிட்டு வந்துருவீங்க!"

அப்பா, காசைத் திங்கட்கிழமை தானே போய் வாங்கிவருவதாகவும், பெண்பிள்ளை முக்கில் போய் நின்று சண்டை போடக்கூடாது என்றும் மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்காக வருந்துகிறார் என்று நினைத்து, பாவம் என்று இரண்டு அப்பளம் கூடுதலாகச் சுட்டுப் போட்டேன்.

சனிக்கிழமை காலை நான் வெள்ளம் கோரிக்கொண்டிருந்தபோது ரஸ்தாவிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வாளியைப் பாதிக் கிணற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தடி ஏத்துற லாரியா இருக்கும் மக்கா" என்றார் அப்பா. நான் கேட்காமலே சொன்னார்.

தடி லாரியின் ஹாரன் எனக்குத் தெரியாதா? அது எருமை கனைக்கிற மாதிரி இருக்கும். இது என் மோட்டார். என் இடத்தில் எவனோ காலை நீட்டி உட்கார்ந்து போகிறான். அப்பாவை ஏமாற்றியிருக்கிறார்கள், உபதேசியார்தானே என்று கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கோபம் ஆறிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்பா நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனதும், சீட்டை எடுக்க வேதப்புத்தகத்தைத் திறந்தேன். சீட்டு இல்லை. தலைகீழாக உதறினேன், பெட்டியைக் கொட்டினேன், பாயைத் தட்டினேன். எங்கும் இல்லை. நேற்றுப் பெட்டி கட்டிய குழப்பத்தில் எங்கோ விட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, வெயிலில் தக்கலைக்கு நடந்தேன்.

முக்கில் ஏஜெண்டின் ஓலைக் கொட்டகைக்கு முன்னால் கடியப்பட்டணத்துக் கருவாட்டுக்காரி ஒருத்தி ஓலைக் கடவப்பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலைந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் நேரே உள்ளே போனேன்.

"இன்னைக்கு மோட்டார் ஓடலியோ?"

ஏஜெண்டு நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "உபதேசியாரு என்ன சொன்னாரு?" என்றார்.

"அச்சு முறிஞ்சுபோச்சுன்னு நீரு சொன்னதாச் சொன்னாரு."

அவர் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமா, அப்பிடித்தான்" என்றார்.

"என்னது, ஓடலியா?" கருவாட்டுக்காரி திரும்பினாள். "ஏட்டி, அது ஓடலைன்னா என் கருவாட்டுல இந்தச் செம்மண்ணை யாரு அள்ளிப் போட்டா? விடியக்காலத்த பேய் போல போச்சே!"

வெற்றிலை போட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதற்கு மேல் வேறு சாட்சி தேவைப்படவில்லை. வாயில் வந்ததெல்லாம் பேசினேன். நெற்றியில் இருப்பதை ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிகிறீரா என்று கேட்டேன். ஒரு வாத்திச்சியின் வாழ்க்கையைக் கல்யாணக்காரனுக்கு விற்றீரே, உருப்படுவீரா என்று கேட்டேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். வெற்றிலைக்காரர்களில் ஒருவர், "பதில் சொல்லும்வே" என்றார். நான் கையை நீட்டினேன்.

"என் காசைத் தாரும்!"

"சீட்டு இருக்கா?"

"காணல. நான் காசு கட்டினது உமக்குத் தெரியாதா?"

சீட்டு இல்லாமல் தர முடியாது என்று இழுத்தடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு வேண்டிய வார்த்தைகளையும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவரோ மேஜையைத் திறக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த தன் சொந்தப் பையை அவிழ்த்தார். அவ்வளவுதான், என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. குற்றம் இல்லாதவன் சீட்டு இல்லாமல், கேள்வி கேட்காமல், கைக்காசை எடுத்து நீட்டுவானா? என் இடத்தை யாருக்கு விற்றார் என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். சுவரில் தொங்கிய கம்பியில் பழைய சீட்டுகளைக் குத்தி வைத்திருந்தார். எட்டி அதைப் பறித்தேன்.

"வேண்டாம், அம்மா" என்று எழுந்தார். "அதைப் பாக்காதீங்க."

பார்க்காமல் இருப்பேனா? மேலே இருந்து மூன்றாவது சீட்டு என்னுடையது. என் பெயர், சனிக்கிழமை, முன் வரிசை. திருப்பினேன். பின்னால், 'பயணம் இல்லை, பணம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. எனக்கு அரிச்சுவடி எழுதிக் கொடுத்த எழுத்து.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாலையும் தராசையும் சோதித்த நான், என் வேதப்புத்தகத்தை என் வீட்டிலேயே ஒருவர் திறந்திருப்பார் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

ஏஜெண்டு மற்றவர்களைப் பார்த்து, "போங்க, அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று விரட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "நேத்து உச்சி நேரத்துக்கு வந்தாரு. நீங்க போகலைன்னு சொன்னாரு. முதல் நாளே சீட்டைத் திருப்பினா காசு கொடுக்கணும்னு கம்பெனிச் சட்டம், கொடுத்தேன். இப்ப நீங்க வந்து கேட்டப்பதான் எனக்கே விஷயம் விளங்கிச்சு. பெத்த தகப்பனை முக்குல வச்சு எப்பிடிக் காட்டிக் கொடுக்கது?" என்றார்.

நான் திட்டினதை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்ட மனிதர் அவர். கம்பியை எடுத்த இடத்தில் மாட்டினேன்.

"நாளைக்கும் வண்டி உண்டும்மா" என்றார் அவர். "ஞாயிற்றுக்கிழமை காலியாத்தான் போவும். உங்க ஆளுக ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

வீட்டுக்குப் போனபோது அப்பா திரும்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் கத்தவில்லை, கத்துவதையெல்லாம் தவறான இடத்தில் கத்தித் தீர்த்திருந்தேன்.

"நாளைக்கு ஓய்வுநாள், திங்கட்கிழமை போனா நேரமாயிரும். எல்லாம் தெரிஞ்சுதானே செய்தீங்க?"

"ஆமா" என்றார்.

"ஏன்?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மையையும் நான்தான் அந்த மோட்டார்ல ஏத்தி விட்டேன். திருவனந்தபுரம் ஆசுபத்திரியில சொகமாயிரும்னு சொன்னாங்க. ஏத்தி விட்டவன் நான். அவ திரும்பி எப்பிடி வந்தான்னு நீ பாத்தியே. இன்னொரு ஆளை அதுல ஏத்திவிட எனக்குப் பெலன் இல்ல மக்கா."

எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? "எனக்கு நோவு இல்ல அப்பா. எனக்குப் படிக்கணும்" என்றேன்.

அவர் எழுந்து, அலமாரியில் இருந்து அங்கவஸ்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். காசு அதன் நுனியில் முடிந்தபடியே இருந்தது, அவிழ்க்கக்கூட இல்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் மறுபடியும் தக்கலைக்கு ஓடி ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு வாங்கினேன். சீட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிட்டால் ஓய்வுநாளில் காசைத் தொட்ட பாவமாவது இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்கிறேன், ரெண்டு தடவைக்கு மேல் டிரைவர் நிற்க மாட்டான் என்றார் ஏஜெண்டு.

மறுநாள் விடியும் முன்பே பெட்டியைக் கொண்டுபோய்க் கோயில் மதிலுக்குப் பின்னால் வைத்தேன். ஆராதனையில் பெண்கள் பக்கத்துப் பாயில் வாசலோரமாக உட்கார்ந்தேன். அப்பா என் பக்கமே திரும்பவில்லை. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. அப்போது அப்பா கையை உயர்த்தி, "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

ஜெபம் நடுவில் எழுந்து போவது எங்கள் சபையில் கேள்விப்படாத காரியம். அது அவருக்கும் தெரியும். முதலில் நோயாளிகளுக்காக ஜெபித்தார். பிறகு விதவைகளுக்கு, மழைக்கு, மகாராஜாவுக்கு. வாசலில் ஹாரன் அடித்தது. அவர் ஆமென் சொல்லவில்லை. முட்டத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்காக ஜெபித்தார். எங்கள் சபையில் கடலுக்குப் போகிறவர் ஒருவரும் கிடையாது! சீட்டைத் திருடினது போதாதென்று இப்போது ஜெபத்தைப் போட்டு அமுக்குகிறார், மோட்டார் போகும்வரை ஆமென் வராது என்று நினைத்தேன். இரண்டாவது ஹாரன் அடித்தது.

எழுந்தேன். வருவது வரட்டும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். யாராவது பார்த்து முணுமுணுக்கும் சத்தத்தை எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. படியில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அத்தனை பேரும் தலை குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். நான் போவதைப் பார்த்ததாக நாளைக்குச் சொல்ல அந்தக் கோயிலில் ஒரு சாட்சி இல்லை. பிரசங்க மேடையில் அப்பாவின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. வாய் கடற்காரர்களுக்காக ஜெபித்துக்கொண்டே இருந்தது. உயர்த்திய கையைச் சற்றே அசைத்து, போ, போ என்றார்.

மோட்டாரில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. வண்டி நகர்ந்து வளைவு திரும்பும்வரை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் ஆமென் சொல்லவில்லை.