ஐடா பார்டோவின் செங்கல்

பிராக்ஸ்டன் ஹாலை ஐடா பார்டோ ஒருநாளும் 'அந்த மாளிகை' என்று சொன்னதில்லை. 'எங்க வீடு' என்பாள். சொல்லும்போதே மூக்கு லேசாக மேலே போகும். பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்து, கணப்புகளில் சாம்பல் அள்ளி, கூரைச் சரிவுக்கடியில் தலை இடிக்கத் தூங்கியவளுக்கு அது எப்படி எங்க வீடு ஆகும் என்று கேட்டால், அப்படித்தான் ஆகும், போங்கள்!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து திரும்பும்போது இருபுறமும் மரங்கள் நின்ற சாலை முனையில் நின்று, வீட்டின் முகப்பைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். சிவப்புச் செங்கல், ஓரமெல்லாம் வெள்ளைக் கல். வாசலுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலேயே இதுபோல இன்னொரு முகம் கிடையாது என்பது அவள் கட்சி.

"உன் வீடா?" என்று கொத்தனார் ஆம்புரோஸ் டிப்டன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். "அப்படின்னா எந்தச் செங்கல் உன்னுது? காட்டேன் பாப்போம்."

"காட்டுவேன், காட்டுவேன். நீங்க மொதல்ல அந்தப் புகைபோக்கியை ஒழுங்கா பூசுங்க" என்று அவளும் விடமாட்டாள்.

அந்த அழகு முகத்தில் ஒரு பொய் இருந்தது. மேல்மாடி இடது ஓரத்து ஜன்னல் ஜன்னலே இல்லை. கண்ணாடி உண்டு, சட்டம் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு மை பூசிய செங்கல் சுவர். பாதி இறக்கிய வெள்ளைத் திரைகூடத் தத்ரூபமாக வரைந்து வைத்திருந்தார்கள். வீட்டைக் கட்டிய மகராசனுக்கு வெளியே கணக்கு சரியாக இருக்கவேண்டும். உள்ளே அந்த இடத்தில் வந்ததோ வேலைக்காரர்களின் படிக்கட்டு. அவர்கள் ஏறி இறங்குவது புல்வெளியில் நிற்கும் விருந்தாளி கண்ணில் படலாமா? அடைத்துவிட்டான். குருட்டு ஜன்னல் என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து பட்டப்பகலிலும் அந்தப் படிக்கட்டில் சுவரைத் தடவித்தான் நடக்கவேண்டும்.

அந்த இருட்டில்தான் சமையல்காரி மிஸஸ் காஸ்லிங் உருண்டு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கோல் ஊன்றி எழுந்து நடமாட ஒரு குளிர்காலமே ஆயிற்று. மறுபடி விழுந்தால் அவ்வளவுதான், வேலையும் போய்விடும், போக்கிடமும் கிடையாது. ஐடா நேரே வீட்டுச் சீமாட்டி லேடி ஆல்டிங்கிடம் போய், அந்த ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

"வீட்டோட முகத்துல கை வைக்கச் சொல்றியா?" என்றாள் லேடி ஆல்டிங். "அங்க ஒரு ஆள் தலை தெரிஞ்சா எவ்வளவு அசிங்கமா இருக்கும்! போய் வேலையைப் பாரு."

ஐடா போய் வேலையைப் பார்த்தாள். ஆனால் அன்று முதல் மிஸஸ் காஸ்லிங் மாடி ஏறும்போதெல்லாம் இவள் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினாள்.

அப்புறம் புது ராஜாவின் முடிசூட்டு விழா வந்தது. ஊர் முழுக்கக் கொடித் தோரணம். விழா அன்று பொழுது சாயும் நேரம் முகப்பின் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியவேண்டும், ஊரே புல்வெளியில் நின்று பார்க்கவேண்டும் என்று லேடி ஆல்டிங் உத்தரவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் ஏற்றிப் பார்த்தார்கள். புல்வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்த சீமாட்டியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"எந்த முட்டாள் அந்த ஓரத்து ஜன்னலை மறந்தது? வாயில ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு! ஐடா, ஓடு, போய் விளக்கு வை."

"எங்க வைக்கட்டும், அம்மா? அங்க இருக்கிறது சுவரு."

பொய்யைப் பார்த்துப் பார்த்து, அது பொய் என்பதே சீமாட்டிக்கு மறந்துபோயிருந்தது! அவள் சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். "ஆம்புரோஸைக் கூப்பிடு. நாளைக்கே இடிக்கட்டும். விழா முடிஞ்சதும் பழையபடி அடைச்சிடலாம்."

 வேலை போனால் போகட்டும் என்று ஐடா துணிந்துவிட்டாள்.

"விளக்கு வைக்க அங்க இடமில்லைம்மா, நேரா படி போகுது. யாராவது படியில நின்னுதான் விளக்கைப் பிடிக்கணும். நான் பிடிக்கிறேன். ஆனா அந்தச் செங்கல் திரும்ப அங்க ஏறக்கூடாது."

"எனக்கே நிபந்தனை போடுறியா நீ?"

"இந்த வீட்டோட முகம் உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ எனக்கும் அவ்வளவு முக்கியம், அம்மா. ஒரு கண்ணு குருடா இருக்கிறது எனக்குப் பொறுக்கல."

லேடி ஆல்டிங் அவளையே பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். பல் விழுந்த அந்த முகத்தை அவளாலும் சகிக்க முடியவில்லை. "சரி, தொலையட்டும்" என்றாள்.

விழா அன்று ஊரே பன்றித் தொடைக்கறியும் ஆப்பிள் மதுவுமாகப் புல்வெளியில் திரண்டது. வெளிச்சம் மங்க மங்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. கடைசியாக மேல்மாடி இடது ஓரம். அங்கே கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியும் கையில் விளக்குமாக நிமிர்ந்து நின்றாள் ஐடா பார்டோ.

"அடேயப்பா, அது நம்ம ஐடா!" என்று கத்தினார் ஆம்புரோஸ். ஊரே கைதட்டியது. ஐடாவுக்குக் கை கடுத்துப்போயிற்று, எண்ணெய் சொட்டி மணிக்கட்டைச் சுட்டது. அவள் விளக்கை ஒரு விரற்கடைகூட இறக்கவில்லை. பெருமை தாங்காமல் அழுதாள். அவ்வளவு உயரத்தில் அழுதது யாருக்குத் தெரியப்போகிறது!

மறுநாள் காலை அந்தப் படிக்கட்டில் முதன்முதலாக வெயில் விழுந்தது. மிஸஸ் காஸ்லிங் கோலை ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

"அடியே ஐடா, ஒவ்வொரு படி நடுவுலயும் குழி விழுந்திருக்குடி! நானென்னமோ என் காலுக்குத்தான் கண்ணு தெரியலைன்னு நெனச்சேன்."

"நம்மளுக்கு முன்னாடி ஏறினவங்க கால் தேய்ச்ச குழி, மிஸஸ் காஸ்லிங். ஓரமா கால் வச்சு ஏறுங்க" என்றாள் ஐடா. அன்று அவள் பின்னால் கையை விரித்துக்கொண்டு ஏறவில்லை. கீழேயே நின்று, சமையல்காரி தனியாக ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புரோஸ் இடித்த செங்கல்களை வண்டியில் அள்ளிப்போட்டார். ஒன்றை மட்டும் கோட்டில் துடைத்துக் கொல்லைக் கதவருகே அவளிடம் நீட்டினார். ஒரு பக்கம் கறுப்பு மை, அதன்மேல் வெள்ளைத் திரையின் ஒரு துண்டு.

"இந்தா, பிடி. இனி எந்தச் செங்கல் உன்னுதுன்னு கேக்க மாட்டேன்" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கிராமத்து ஓரத்தில் ஒற்றை அறையில் இருந்த காலத்திலும் அந்தச் செங்கல் அவளோடுதான் இருந்தது. பனிக்காலத்தில் அதை அடுப்பில் சூடாக்கிக் கம்பளித் துணியில் சுற்றிப் படுக்கையில் காலடியில் வைத்துக்கொள்வாள். பிராக்ஸ்டன் ஹாலைச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் யாராவது அவள் வாசலில் நின்று, "இங்க ஒரு பொய் ஜன்னல் இருக்காமே, எது?" என்று கேட்டால் மூக்கு மேலே போகும்.

"யார் சொன்னா? எங்க வீட்டுல பொய் ஜன்னலே கிடையாது."