சாதிக் விழுந்தபோது நான் விட்ட கை

நான்தான் கையை விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். விரல்களை நானே திறந்தேன்!

இதைச் சாதிக்கிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனிடம் முடியாமல் உங்களிடம் சொல்கிறேன். அவன் எதையும் வாசிப்பவன் அல்லன்... அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

கபடியில் என் இடம் லெஃப்ட் கார்னர். ஓரத்தில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிற வேலை. எனக்குப் பக்கத்தில், ‘இன்’ என்ற இடத்தில், பெரியபட்டினத்துச் சாதிக். இருவரும் கை கோத்து நிற்போம். அவன் தொடையில் பாய்ந்தால் நான் அந்த நொடியே காலை வார வேண்டும். தனியாகப் பாய்ந்தவனின் எலும்புக்கு உத்தரவாதம் இல்லை.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். செங்கல் சூளை, லாரி, ஐஸ் கம்பெனி. எங்கே படுத்தாலும் மாலையில் கபடி. மூக்கு உடைந்தது, பல் போனது. அதெல்லாம் பெரிதில்லை.

ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு போட்டி. வடக்கே பெரிய அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். “டேக்கிள் எல்லாரும்தான் எடுக்குறீங்க. சூப்பர் டேக்கிள் எடுக்கிறவன் எவன்டா?” என்றார். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் அதுதான் சூப்பர் டேக்கிள். ஒரு புள்ளிக்கு இரண்டாகத் தருவார்கள்.

சாதிக் சிரித்தான். “ஏலே முனி, மூணு பேரா நிக்கணும்னா மொதல்ல நம்மாளுக தோக்கணும்லே!”

அன்று மாலை களத்தில் நாங்கள் நான்கு பேர் மிஞ்சியிருந்தோம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒருவன் போனால்... என்று நினைத்தேன். அப்படி நினைக்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சுகூட ஆகவில்லை!

எதிரணிக்காரன் பாடி வந்தான். சாதிக் தொடையில் பாய்ந்தான். என் கையை இழுத்தான். நான் திறந்துவிட்டேன்.

வந்தவன் முழு எடையோடு அவன்மேல் விழுந்தான். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். சாதிக் மண்ணைக் கடித்துக்கொண்டு கத்தினான். மேலே கிடந்தவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். சாதிக் அவுட். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று பேர் நின்றோம்.

அடுத்து வந்தவனின் கணுக்காலைப் பிடித்து முறுக்கினேன். அவன் முகம் தரையில் அறைந்து ரத்தம் வந்தது. விசில் ஊதிய பிறகும் நான் விடவில்லை. அந்தக் காலை மட்டும் விடவே இல்லை! கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவர் வந்து என் கையைக் குலுக்கினார்.

ஆஸ்பத்திரியில் சாதிக் என்னைப் பார்த்ததும் அழுதான். “மாப்ள, என் கை வேர்த்து வழுக்கிருச்சுலே. ஒன்னயத் தனியா விட்டுட்டேனே... மன்னிச்சிருடா.”

“பரவால்லடா” என்றேன்.

கேட்டீர்களா? நான் அவனை மன்னித்தேன்!

இப்போது செல்போனில் என் பெயரைத் தட்டினால் எல்லாம் வரும். இடம்: இடது கார்னர். ஆடிய ஆட்டங்கள், டேக்கிள்கள், சூப்பர் டேக்கிள்கள். உள்ளூர் ஆட்டம் என்பதால் அந்த முதல் ஒன்று அதில் இல்லை. சாதிக் பெயரைத் தட்டினால் வேறு யார் யாரோ வருகிறார்கள்.

பல வருடம் ஆடி, அந்த வடக்கத்தி அணியிலிருந்து என்னைக் கழித்துவிட்ட பிறகு அவனைத் தேடிப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஊர் இளைஞர்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ‘இன்’னில் நின்ற பையனின் பிடி நழுவியது. சாதிக் போய் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது.

“கைய விடுவியாலே? என்ன மாதிரி நொண்டியாப் போகணுமா?” மறுபடி அறைந்தான்.

அந்த அறை என் முகத்தில் விழ வேண்டியது.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “ஏலே, நம்ம முனிடா! எவ்வளவு டேக்கிள் எடுத்தவன் தெரியுமா? இங்கன வா மாப்ள, கார்னர்ல நில்லு. இவனுகளுக்குக் காமிப்போம்.”

குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தான். கையை நீட்டினான்.

கோத்துக்கொண்டேன். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அந்தப் பையன் என் விரல்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.