ஆடு இல்லாத வீட்டுக்குப் போன செய்தி

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லை அடுத்த எரியோடு பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் விவசாயிகளுக்காகத் தகவல் மையம் திறந்தது. மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், வாசலில் கூம்பு ஒலிபெருக்கி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போன் செய்து முருங்கை, தக்காளி, கத்தரி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டு, மைக்கில் வாசிக்க வேண்டும். இன்டர்நெட் வரும் நாட்களில் மழை நிலவரமும் சேர்த்து வாசிப்பேன். வராத நாட்களே அதிகம்.

அப்பாவுக்கு அதே பக்கத்தில் முருங்கைத் தோட்டம். ஊடே கொஞ்சம் தக்காளி போடுவார். மகள் மைக்கில் பேசுவது முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு டிவிஎஸ் ஃபிப்டியில் தினமும் வந்து மையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். நான் வாசிக்க ஆரம்பித்ததும் கடையில் யாராவது பேசினால், “செத்த சும்மா இருங்கய்யா, வெல சொல்லுதுல்ல” என்று அடக்குவார். மகள் என்று சொல்லமாட்டார். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

அதே நிறுவனத்தில் ஆடு மாடு வளர்ப்புப் பயிற்சி கொடுக்க ஒருவர் இருந்தார். ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி முகாம் நடத்துவார், நோய் கண்ட ஆட்டைப் பார்த்துக் கைவைத்தியம் சொல்லுவார். அவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் கிறித்தவர், நாங்கள் இந்துக்கள். நானே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். “உன் இஷ்டம்” என்றார். மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

கல்யாணத்துக்கு அம்மா வந்தாள். அப்பா வரவில்லை. நாங்கள் திண்டுக்கல்லில், பேகம்பூரில் ஒரு வீட்டின் மாடியில் குடியேறினோம். நானும் திண்டுக்கல் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். எரியோட்டு மையத்தில் வேறொரு பெண் விலை வாசித்தாள். அப்பா டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னாள். அவள் மட்டும் வெள்ளாமை சாமான் வாங்குகிற சாக்கில் அவ்வப்போது வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, “அவுக மனசுல இருக்கு. வாயில வர மாட்டேங்குது” என்பாள்.

சில வருஷம் அப்படியே போனது. அதற்குள் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. ஆடு மேய்க்கும் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்றால் யாரும் வர மாட்டார்கள். ஆட்டை யார் மேய்ப்பது? அதனால் பாடத்தையே போனில் அனுப்பலாம் என்று நிறுவனத்தில் முடிவு செய்தார்கள். காலையில் போன் அடிக்கும். எடுத்தால் ஒரு குரல் குட்டிக்குச் சீம்பால் கொடுப்பது பற்றியோ குடற்புழு மருந்து பற்றியோ ஒரு நிமிஷம் பேசும். மைக்கில் பழகியவள் என்பதால் அந்தக் குரல் நானாக இருக்கட்டும் என்றார்கள். பாடம் எழுதிக் கொடுப்பது என் கணவர் வேலை.

முதலில் நான் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசித்தேன். “வெள்ளாடுகளைத் தாக்கும் நோய்களுள்” என்று ஆரம்பிக்கும். ஊர்களில் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த அக்கா, ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்து நேராகவே சொன்னார்: “யாரும் முழுசாக் கேக்கலம்மா. ஏதோ கம்பெனிக்காரவுக பேசுறாகன்னு வச்சுர்றாக.”

எல்லாவற்றையும் மாற்றிப் பேசினேன். “என்னக்கா, ஆட்ட மேச்சலுக்குப் பத்தியாச்சா? குட்டி கழியுதா? பயப்படாதீக, நான் சொல்றதச் செத்த கேளுங்க” என்று தொடங்கினேன். இந்தத் தடவை கேட்டார்கள். பதில்கூடச் சொன்னார்களாம். பதிவு செய்த குரல் என்று தெரிந்தும், “பத்தியாச்சு தாயி” என்று சிலர் சொல்லிவிட்டுத்தான் மேலே கேட்பார்களாம்.

அலுவலகம் மெயின் ரோட்டில் இருந்ததால் லாரிச் சத்தம். வீட்டில்தான் பதிவு செய்தேன். அங்கேயும் பக்கத்துச் சந்தில் பூட்டுப் பட்டறை. அவர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, “மேல ரெக்கார்டிங் நடக்குது, சத்தம் போடாதீங்க பேட்டா” என்று தெருப் பிள்ளைகளை விரட்டுவார். கீரைக்காரியைக்கூட எங்கள் வாசல் தாண்டித்தான் கூவச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள், பெண்களைச் சேர்க்கும் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்து, பையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டார். “ஒங்க அப்பாவும் நம்ம மெசேஜ்ல சேந்திருக்காரு, தெரியுமா?”

“எங்க அப்பாவா? எப்ப ஆடு வாங்குனாரு?”

“எங்க வாங்குனாரு? ஒரு குட்டிகூட இல்ல. நானும் கேட்டேன். ‘சேத்துக்கிருவீகளா, மாட்டீகளா?’ன்னு கேட்டாரு. பொம்பளைகளுக்குத்தான்னு சொன்னேன். ‘பேரு எம் பொண்டாட்டி பேரப் போட்டுக்கங்க, நம்பரு என் நம்பரப் போட்டுக்கங்க’ன்னுட்டாரு.”

“என்னைக்குச் சேந்தாரு?”

“ரொம்ப நாளாச்சும்மா. சொல்லக் கூடாதுன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல.”

அன்று வீட்டுக்குப் போய் அடுத்த பாடத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஆட்டுக்கொட்டகையை ஈரமில்லாமல் வைப்பது பற்றிய பாடம். “என்னக்கா” என்றதோடு நின்றுவிட்டேன். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் நின்றது. என் கணவர் மைக்கை அணைத்துவிட்டு, “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். பட்டறையில் டீ முடிந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன் பிறகு பாடத்தில் எதையும் மாற்றவில்லை. அப்பாவுக்கென்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். ஆனால் மெதுவாகப் பேசினேன். அப்பாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

அந்தக் கார்த்திகையில் எனக்குச் சளி பிடித்து, கட்டிய தொண்டையோடு பதிவு செய்தேன். அந்தப் பாடம் போனில் போன அன்றே அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டாள். பை நிறையத் தூதுவளை.

“தொண்ட சரியில்லையாமே?” என்றாள்.

“யாரு சொன்னா?”

அம்மா என்னைப் பார்க்காமல் இலையை ஆய்ந்தாள். “ரசம் வச்சுக் குடுக்கணுமாம். வேலிப் பக்கம் நின்னு பறிச்சது. கையெல்லாம் முள்ளு.”

அவள் கையில் ஒரு கீறலும் இல்லை.

மறு வருஷம் பாடமெல்லாம் முடிந்ததும், எரியோடு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் பெண்களை ஒரு நாள் கூட்டினோம். போனில் கேட்டதில் சந்தேகம் இருந்தால் நேரில் கேட்கலாம் என்று ஏற்பாடு. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். “குரலக் கேட்டு ஆளு தாட்டியா இருக்கும்னு நெனச்சேன்” என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். என் கணவர் சினையாட்டுத் தீவனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே டிவிஎஸ் ஃபிப்டிச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு அப்பா சுவரோரம் நின்றார். தலை நிறைய நரைத்திருந்தது.

கேள்வி நேரம் முடிகிற சமயத்தில் அவர் தொண்டையைச் செருமினார். பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“வீட்ல ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “ஒண்ணத்தான் சேக்குது. இன்னொண்ணு கிட்டப் போனா முட்டித் தள்ளுது. என்ன செய்யணும்?”

ஆடா? அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது போல, கையை விரித்தார்.

“எப்ப வாங்குனீங்க?” என்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“சினையாத்தான் வாங்குனேன். இம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டு ஒரு ஆடுகூட இல்லாம இருந்தா எப்பிடி?”

பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தது போலத் தெரிந்தது.

“பாக்காமச் சொல்ல முடியாதுப்பா” என்றேன். “மடில புண்ணு இருந்தாலும் முட்டும். அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.”

அப்பா என் கணவரைப் பார்த்தார். கையில் வைத்திருந்த வண்டிச் சாவியைப் பார்த்தார். பிறகு என்னிடம், “அப்பக் கூட்டிட்டு வா” என்றார்.

அன்று சாயங்காலமே போனோம். என் கணவர் ஆட்டைத் தடவிப் பார்த்து, மடியில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் முட்டும் குட்டியைத்தான் அது தள்ளுகிறது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நல்ல பக்கத்தில் பால் பீய்ச்சி, ஆடு வாடை பிடித்துச் சேர்க்கட்டும் என்று குட்டியின் முதுகில் தடவினார். ஆட்டைக் கொட்டகை மூலையில் ஒடுக்கி, “நீங்க கொம்பப் பிடிச்சுக்கங்க” என்றார். அப்பா பிடித்துக்கொண்டார். இவர் குட்டியைக் காம்பில் சேர்த்தார். ஆடு திமிறியது. இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். குட்டி குடிக்கிற சத்தம் கேட்டதும், “குடிக்குது, குடிக்குது, விட்றாதீக” என்று அப்பா கிசுகிசுத்தார்.

வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிடும்போது அப்பா முருங்கைக்காய்ப் பொரியலை இவர் பக்கம் நகர்த்தி, “வெஞ்சனம் வச்சுக்கங்க” என்றார்.

இப்போது அந்தத் திட்டம் இல்லை. நிறுவனம் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. எரியோட்டு அறையில் தையல் கடை நடக்கிறது. நான் பேசிய பாடங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரோடு எங்கேயோ போய்விட்டன. எத்தனை காலைகளில் எங்கே நின்று கேட்டார் என்று அப்பாவிடம் நான் கேட்டதில்லை. போன் அடித்தால் பாய்கிற தண்ணீரைக்கூட விட்டுவிட்டு மோட்டார் ரூம் நிழலுக்குப் போய்விடுவார் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள்.

அப்பாவின் ஆடுகள் பெருகின. முருங்கையைவிட அவற்றின் மேல் அவருக்குப் பிரியம் கூடிவிட்டது. வாரத்தில் இரண்டு தடவையாவது என் நம்பருக்குப் போன் வரும். எடுத்து, “அப்பா, சாப்டீங்களா?” என்பேன்.

“ஆச்சு, ஆச்சு. மாப்ளகிட்டக் குடு” என்பார்.