குதி என்றால் உட்காருகிறாள்

சுவீடனில் என் மகள் போகும் ஃபோர்ஸ்கூலாவில், அதாவது அந்த ஊர்ப் பால்வாடியில், யாரும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல் கற்றுக்கொடுப்பதில்லை. ஐம்பது வயது அன்னிகா டீச்சர் "ஹொப்பா" என்று கத்திக்கொண்டே குதிப்பார். பிள்ளைகளும் கத்திக்கொண்டே குதிப்பார்கள். "க்ரூப்" என்றால் எல்லோரும் தவழ வேண்டும், டீச்சர் உட்பட. மூன்று வயது இனியாவுக்கு சுவீடிஷ் இப்படிக் காலில் ஏறித்தான் வாய்க்கு வந்தது. தமிழ் வரவில்லை. நான் பேசினால் புரியும், பதிலுக்கு ஒரு வார்த்தை தரமாட்டாள். என் பிள்ளை என்னோடு என் மொழியில் பேசாமலே வளர்ந்துவிடுவாளோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள், வீட்டு மொழியில் ஒரு சொல்லைச் சொல்லி விளையாட்டுக் காட்ட அன்னிகா என்னை அழைத்தார். பிள்ளைகளின் வட்டத்துக்கு நடுவில் நின்று "குதி" என்று சொல்லி எம்பினேன். என்னைப் பார்த்து மற்ற பிள்ளைகளெல்லாம் குதித்தார்கள். இனியா மட்டும் சட்டென்று உட்கார்ந்தாள். அப்பா பேசினால் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பது உங்கள் வழக்கமா, எவ்வளவு அழகு என்று அன்னிகா வியந்தார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். உண்மை வேறு. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. குழந்தையின் சத்தம் சற்று அதிகமாக இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் மிக மரியாதையாக ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஓடாதே, குதிக்காதே, உட்கார் என்பதுதான் எங்கள் தமிழ். ஆட்டமெல்லாம் சுவீடிஷில் நடந்தது.

இந்த விடுமுறையில் சொந்த ஊரான கம்பத்துக்கு வந்ததே இதைச் சரிசெய்யத்தான். அண்ணனின் திராட்சைத் தோட்டத்தில் நாங்கள் குனிந்து நடக்கும் பந்தலுக்கடியில் அவர் மகள் தர்ஷினி நிமிர்ந்து ஓடுகிறாள். வாய்க்கால் வந்தால் "குதி" என்று கத்திக்கொண்டே தாண்டுகிறாள். இரண்டாம் நாளே இனியாவும் பின்னால் ஓடி, "குதி" என்று கத்தித் தாண்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய், "இன்னொரு தடவ குதிடா செல்லம்" என்றேன். என் குரல் கேட்டதும் பிள்ளை ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி பதறிப்போனார். "என்ன தம்பி இது, அங்கன டீச்சரு ஒண்ணும் சொல்லலையா?"

அழகுன்னு சொன்னாக, என்றேன். கீழ்வீட்டுச் சீட்டுக் கதை தெரிந்த அண்ணன் சிரிக்கவில்லை. "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. நீதான்டா பயந்து போய்க் கெடக்க. இங்கன கீழ மண்ணுதான இருக்கு?"

சுருக்கென்று தைத்தது. குழந்தைக்குத் தமிழ் வராமல் இல்லை, என்னிடம்தான் வரவில்லை. அங்கே படியில்கூட முன்பாதத்தால் நடக்கப் பழகிவிட்டவன் நான். என்ன வேகத்திலோ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "குதி!" என்று கத்தியபடி வாய்க்காலைத் தாண்டினேன். பாதி தூரத்தில் கால் வழுக்கி, முழங்கால்வரை தண்ணீரில் நின்றேன். தர்ஷினி கைதட்டினாள்.

இனியா எழுந்து வந்து வரப்பின் மேல் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டில் விரல் வைத்து, அச்சு அசலாக என் குரலில் சொன்னாள்:

"அப்பா, குதிக்காத. உக்காரு."

மகள் என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான். கால்கள் தண்ணீரில் கிடக்க வரப்பில் உட்கார்ந்தேன். நான் அசையாமல் இருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் பந்தலுக்குள் ஓடினாள்.