எல்லோருக்கும் கேட்கச் சொன்னவன்

தங்கை கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று என் மகனைப் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் மூத்த மகள் இன்று உயிரோடு இருப்பாளா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பலகையைத் தொங்கவிட்டுவிடுவான். பத்து மாடி ஏறுகிறவர்களின் வசவைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அவன் பிள்ளைக்குக் காது கேட்காது. காரணம் தேடி, பிள்ளையோடு பெற்றவர்கள் ரத்தத்தையும் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். காதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல், மகனின் ரத்தத்தில் வேறொன்று அகப்பட்டது. மார்பில் புற்றுநோய் வரவைக்கும் கோளாறாம். கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர்.

சொன்னான். எங்கே சொன்னான் என்பதில்தான் வினை. எனக்கு எழுத்து தெரியாததால், எந்தச் சேதியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரலாகத்தான் வரும். பழக்கதோஷம், அதிலேயே பேசி அனுப்பிவிட்டான். சின்னவளுக்குப் பேசி முடித்திருந்த பையனையும் அவன் அம்மாவையும் அந்த வாரம்தான் அதில் சேர்த்திருந்தோம். சேர்க்கச் சொன்னவள் நான். "சம்பந்தி ஆகப்போறவங்க, ஒளிவுமறைவு எதுக்கு?" என்றேன். அதைத் தெருவில் யாரும் பேசுவதில்லை.

மூத்தவள் உடனே போய்ப் பார்த்தாள். பட்டாணி அளவு கட்டி. அறுத்து எடுத்தார்கள், பிழைத்தாள். பையனின் அம்மாவோ, "பொண்ணு தங்கம்தான், ஆனா எங்களுக்கு ஒரே பையன்" என்று போனிலேயே முடித்துக்கொண்டாள்.

சின்னவள் அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். சோதனைக்கும் போகவில்லை. இரண்டு மாதம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

ஒருநாள் காலை, சின்னவள் உள்ளே வேலையாக இருந்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். "திட்டு, நாலு அடிகூட அடி. டெஸ்ட்டை மட்டும் எடுத்துடும்மா."

"எனக்கு இருக்குன்னு ஊரே முடிவு பண்ணியாச்சு. இனிமே எதுக்கு?"

"இல்லன்னு வந்தா?"

"வந்தா, அவங்க திரும்பி வருவாங்களா?" என்றவள், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

"நான் போயிட்டா?"

"எடுக்கறேன்."

மருமகள் பிள்ளையின் துணிகளை மடித்தாள். மகன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லும்மா, என்ன பண்ணட்டும்?"

போகாதே என்றால் மகளைக் கைவிடுகிறேன். போ என்று எந்த வாயால் சொல்வது? தெருவையே அடக்குகிற என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான்.